நல்லா போட்ட பந்துக்கு நோட்டுல எடம் இல்ல

டல்லாஸ்ல இருக்கற காலேஜ் தோஸ்து ஒருத்தன் திடீர்னு கோல்ஃப் ஆட ஆரம்பிச்சுட்டான். நாமக்கல்ல என்கூட ஒரே டீயை ரெண்டு கிளாஸ்ல ஊத்திக் குடிச்ச பய. இப்ப ஞாயித்துக்கிழமை ஆனா வெள்ளைத் தொப்பி, ஒரு கைக்கு மட்டும் கையுறை, பின்னாடி பச்சைப் புல்லுன்னு வாட்ஸப்ல போட்டோ வருது. போன மாசம் போட்டோவோட ஒரு கேள்வியும் வந்துச்சு.

"மாப்ள, போன வாரம் கேவலமா ஆடினேன், 91 வந்துச்சு. இந்த வாரம் அவ்ளோ சுத்தமா அடிச்சேன், 98. எதுக்குடா நான் சந்தோஷப்படணும்?"

கோல்ஃப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அது சினிமால பணக்கார வில்லன் பேசிக்கிட்டே ஆடற ஆட்டம்ங்கறது மட்டும்தான். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனா மைதானத்தை வேலிக்கு வெளிய நின்னு பார்க்கலாம். கொடைக்கானல் கிளப் 1895லயே ஆரம்பிச்சதாம். சேலம் - நாமக்கல் சமவெளில அவ்ளோ புல்லு எங்கயாச்சும் தெரிஞ்சா முதல்ல நாலு எருமைதான் உள்ள போகும் :)

ஆனா அவன் கேட்ட கேள்வி ஒரு வாரம் என்னை விடல. காரணம் கோல்ஃப் இல்ல. எங்க வீட்டுலயே அந்தக் கேள்வி ஆறு மாசமா ஓடிக்கிட்டு இருக்கு. அதைச் சொல்றதுக்கு முன்னாடி, ஆட்டம் தெரியாத மக்களுக்காக கொஞ்சம் கோல்ஃப் கணக்கு.

18 குழி. ஒவ்வொரு குழிலயும் பந்தை விழ வைக்க எத்தனை தடவை அடிச்சோம்னு எண்ணணும். மொத்தம் கம்மியா இருந்தா நல்ல ஆட்டம். பெரும்பாலான மைதானத்துல கணக்கு 72. இதுல எனக்குப் பிடிச்சதும் கடுப்பேத்தினதும் ஒரே விஷயம். 250 கஜம் பறந்து போய் நடு மைதானத்துல அழகா விழற அடியும் ஒண்ணு, குழிக்குப் பக்கத்துல ஒரு அடி தூரத்துல இருந்து தள்ளறதும் ஒண்ணு. மரத்துல மோதி, திரும்பி வந்து, கல்லுல எகிறி புல்லுல விழுந்தாலும் ஒண்ணுதான். கார்டுல ஒரு கட்டம், அதுல ஒரு நம்பர். எப்படி அடிச்சேன்னு எழுத அங்க எடமே கிடையாது.

இதோட உச்சகட்டம் 1968ல நடந்துருக்கு. அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் போட்டி, கடைசி நாள். அர்ஜென்டினாக்காரர் ராபர்ட்டோ டி விசென்சோவுக்கு அன்னிக்கு 45வது பொறந்த நாள். முந்தின வருஷம்தான் பிரிட்டிஷ் ஓபன் ஜெயிச்சவர். அன்னிக்கு 65 அடில முடிச்சுட்டார். 17வது குழில அவர் அடிச்சது 3. கூட ஆடின டாமி ஆரோன்தான் அவரோட கார்டை எழுதணும், அவர் 4னு எழுதிட்டார். டி விசென்சோ சரியா பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டார். கோல்ஃப் சட்டப்படி, ஆடினதை விட அதிகமா எழுதி கையெழுத்துப் போட்டா எழுதினதுதான் செல்லும். 65 வந்து 66 ஆச்சு. பாப் கோல்பிகூட சமமா நின்னு மறுநாள் ப்ளேஆஃப் ஆடியிருக்க வேண்டியவர், ஒரே ஒரு அடில ரெண்டாவதா போனார்.

அவர் ஆடினதைச் சுத்தி நின்ன கூட்டம் பார்த்துச்சு, டிவில ஊரே பார்த்துச்சு. ஆனா பேப்பர்ல இருந்தது வேற. பேப்பர்தான் ஜெயிச்சது.

இதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். நானும் பேப்பர் எழுதற ஆள்தான். உத்தியோகம் என்னமோ லாரி பாடி கட்டற பட்டறைக்கு சாமான் சப்ளை. ஆனா ஞாயித்துக்கிழமை ஆனா எங்க ஊரு டென்னிஸ் பால் டீமுக்கு ஸ்கோரர். முட்டி போனதுக்கப்புறம் பேட்டை வெச்சுட்டு நோட்டை எடுத்தேன், பதினோரு வருஷம் ஆச்சு.

எங்க ஊர்ப்பக்க ஆட்டத்தைப் பார்க்காதவங்களுக்குச் சொல்றேன். அறுப்பெல்லாம் முடிஞ்சு தண்ணி வத்துனா ஏரிக்குள்ளதான் கிரவுண்டு. நடுவுல மண்ணைத் தட்டி, தண்ணி தெளிச்சு ஒரு பிட்சு. ஒரு பக்கம் ஏரிக்கரை, மறுபக்கம் குச்சிக்கிழங்குக் காடு. காட்டுக்குள்ள பந்து போனா ஆறு, ஆனா பந்தைத் தேடித் தர்ற பொறுப்பு அடிச்சவனோடது (தோட்டத்துக்காரர் முன்னாடி திட்டு வாங்கற பொறுப்பும் சேர்த்து). 8 ஓவர் மேட்ச். மைக்செட்டுல ஒருத்தர் காலைல இருந்து சாயந்திரம் வரைக்கும் தொண்டை கிழிய கமென்ட்ரி. பரிசு கோப்பை, கொஞ்சம் பணம், சில ஊர்ல ஆட்டுக்கிடா.

இதுல என் தங்கச்சி பையன் பந்து போடறான். ப்ளஸ் ஒன் படிக்கறான். வலது கை, நல்ல உயரம். மாமா சொல்றேன்னு நினைக்காதீங்க, நிஜமாவே நல்லா போடறான். அவனோட பிரச்சனையே அதுதான்.

மாசி மாசம் ஒரு மேட்ச். ரெண்டு ஓவர் போட்டான். முதல் பந்து பேட்டுக்கும் பேடுக்கும் நடுவுல புகுந்து ஸ்டம்புக்கு மேல ஒரு விரக்கடை போச்சு. ரெண்டாவது பந்து உள் விளிம்புல பட்டு, கீப்பர் காலுக்கு நடுவுல நாலு. அடுத்த ஓவர்ல ஸ்லிப்ல நின்னவன் கைல விழுந்த கேட்சை விட்டான், அது ஓடி ரெண்டு ரன். கடைசில ஒரு யார்க்கர், அடிச்சவன் கண்ணை மூடிக்கிட்டு சுத்தினான், பேட்டோட அடி விளிம்புல பட்டு பின்னாடி பவுண்டரி. நோட்டுல நான் எழுதினது: 2 ஓவர், 19 ரன், விக்கெட் 0. மைக்ல இருந்தவரு "பந்துவீச்சு எடுபடவில்லை" அப்படின்னு ஊருக்கே சொல்லிட்டாரு.

அதுக்கு மூணு வாரம் கழிச்சு இன்னொரு ஊர்ல மேட்ச். கேப்டன் சொன்னாரு, "கண்ணு, உன் வேகமெல்லாம் இங்க வேண்டாம். மெதுவா, மேலாப்புல தூக்கிப் போடு. அடிக்கப் பார்த்து அவனே தூக்கிக் குடுப்பான்." அப்படியே போட்டான். ஃபுல் டாஸ் ஃபுல் டாஸா போட்டான். காட்டு ஓரத்துல நின்னவங்க நாலு கேட்ச் புடிச்சாங்க. 2 ஓவர், 22 ரன், 4 விக்கெட். சாயந்திரம் மைக்ல பேரைக் கூப்பிட்டு, சிறந்த பந்துவீச்சாளர்னு ஒரு எவர்சில்வர் குடம் குடுத்தாங்க. என் தங்கச்சி அதுல தண்ணி புடிச்சு வெச்சுருக்கா.

வண்டில வர்றப்ப பையன் பின்னாடி உக்காந்து பேசவே இல்ல. பரமத்தி ரோடு திரும்பறப்ப மெதுவா கேட்டான். "மாமா, அந்த நாலும் சும்மா வந்த விக்கெட்டு தானுங்க?"

ஆமான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது.

நான் பல வருஷமா ஒரு வேலை பண்றேன். ஸ்கோர் நோட்டுல ரன், விக்கெட் எல்லாம் பேனால. நல்லா போட்ட பந்துக்கு மட்டும், அது என்ன ஆச்சுங்கறதைப் பத்திக் கவலைப்படாம, பக்கத்துல பென்சில்ல ஒரு சின்ன டிக். விக்கெட் விழுந்தாலும் பந்து மோசம்னா டிக் கிடையாது. நாலு போனாலும் பந்து நல்லதுன்னா டிக் உண்டு. விக்கெட்டே இல்லாத அந்த மேட்ச்ல அவனுக்கு 12 பந்துல 9 டிக். எவர்சில்வர் குடம் வாங்கின மேட்ச்ல 2.

சரி, என் பென்சில் கணக்கு ஏதோ கிராமத்து ஸ்கோரரோட கிறுக்குத்தனம்னு நீங்க நினைக்கலாம். கோல்ஃப்ல இதையே பெரிய அளவுல பண்ணிட்டாங்க. கொலம்பியா பல்கலைக்கழகத்துல மார்க் பிராடின்னு ஒரு பேராசிரியர். ஒவ்வொரு அடியும் பந்தைக் குழிக்கு எவ்வளவு பக்கத்துல கொண்டு போச்சு, அந்த எடத்துல இருந்து மத்தவங்களுக்கு சராசரியா எத்தனை அடி ஆகும்னு ஒப்பிட்டு, அடிக்கு அடி மதிப்பு போடற முறையைக் கொண்டு வந்தார். உதாரணமா, 8 அடி தூரத்துல இருந்து தொழில்முறை ஆளுங்களே ஏறக்குறைய பாதி தடவைதான் குழில போடறாங்க. அப்ப அங்க இருந்து சராசரி ஒன்றரை அடி. ஒண்ணுல போட்டா அரை அடி லாபம், ரெண்டு ஆச்சுன்னா அரை அடி நஷ்டம். 2011ல அமெரிக்க பிஜிஏ டூரே இதை எடுத்துக்கிச்சு, முதல்ல குழிக்குத் தள்ளற அடிக்கு மட்டும். இப்ப எல்லா அடிக்கும் இருக்கு.

இன்னொண்ணு. கோல்ஃப்ல ஒரு ஆளோட தரத்தைச் சொல்ல ஹேண்டிகேப்னு ஒரு எண் இருக்குல்ல, 2020ல இருந்து உலகம் பூரா ஒரே முறைல அதைக் கணக்குப் போடறாங்க. கடைசி 20 ஆட்டத்தை எடுத்துக்கிட்டு, அதுல சிறந்த 8ஐ மட்டும் வெச்சு சராசரி. பாக்கி 12ஐ ஒதுக்கிடறாங்க. ஒரு நாள் ஸ்கோரை வெச்சு ஆளை எடை போட முடியாதுன்னு, ஸ்கோரைத் தவிர வேற எதையும் எழுதாத அந்த ஆட்டமே ஒத்துக்குது பாருங்க. டல்லாஸ்காரனுக்கு நான் அனுப்பின பதிலும் அதான். "91ம் பொய், 98ம் பொய். இருபது தடவை ஆடிட்டு வா."

இப்ப சின்னப்பம்பட்டிக்கு வர்றேன். சேலம் பக்கம் இருந்துக்கிட்டு பந்துவீச்சு பத்திப் பேசினா அங்க போகாம முடியாது.

நடராஜன் கதை எல்லாருக்கும் தெரியும். அப்பா தறி வேலை, அம்மா ரோட்டோரத்துல கோழிக்கறிக் கடை, டென்னிஸ் பால்ல யார்க்கர் கத்துக்கிட்ட பையன். அதைத் திரும்ப எழுதப் போறதில்ல. நான் அவரோட ஸ்கோர்கார்டைப் பத்தி மட்டும்தான் பேசப் போறேன்.

2020 ஐபிஎல். ஹைதராபாத்துக்காக 16 மேட்ச், 16 விக்கெட். சுமாரான எண்ணிக்கை. அந்த வருஷம் ரபாடா 30 எடுத்தார். வெறும் பட்டியலை வெச்சுப் பார்த்தா நடராஜனை ஆஸ்திரேலியாவுக்கு யாரும் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டாங்க. ஆனா கடைசி ஓவர்கள்ல அவர் ஓயாம யார்க்கர் போட்டதை எல்லாரும் பார்த்தாங்க. நவம்பர் 6ந் தேதி டி வில்லியர்ஸ் ஸ்டம்பைத் தூக்கின அந்த ஒரு பந்து போதும். வலைப்பயிற்சிக்குப் பந்து போட கூட்டிட்டுப் போனாங்க. வருண் சக்கரவர்த்திக்குத் தோள்ல அடி, டி20 அணில எடம். சைனிக்கு முதுகு, ஒருநாள் அணிலயும் எடம். டிசம்பர் 2, கான்பெரா, முதல் ஒருநாள் ஆட்டம்: 10 ஓவர், 70 ரன், 2 விக்கெட். டிசம்பர் 4, முதல் டி20: 30 ரன்னுக்கு 3. ஜனவரி 15, பிரிஸ்பேன், டெஸ்ட்.

டி20 தொடர் முடிஞ்சப்ப தொடர் நாயகன் பரிசு ஹர்திக் பாண்டியாவுக்கு. அவர் அந்தக் கோப்பையை நடராஜன் கைல குடுத்துட்டாரு. கூட ஆடறவனுக்குத் தெரியும், நோட்டுல இல்லாதது எதுன்னு. (கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு அன்னிக்கு. வீட்டம்மா வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்ததால தப்பிச்சேன்.)

ஆனா நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கறது வேற ஒரு கார்டு. 2021 மார்ச் 28, புனே, இங்கிலாந்து கூட மூணாவது ஒருநாள் ஆட்டம். நடராஜன் பேருக்கு நேரா: 10 ஓவர், 73 ரன், 1 விக்கெட். பேப்பர்ல படிச்சவன் "இன்னிக்கு சொதப்பிட்டாரு போல"ன்னு பக்கத்தைத் திருப்பியிருப்பான். அந்த ஒரு விக்கெட் பென் ஸ்டோக்ஸ். அதுவும் யார்க்கர் இல்ல, ஃபுல் டாஸ். ஸ்டோக்ஸ் நேரா தவான் கைல அடிச்சுட்டாரு. என் நோட்டா இருந்தா அதுக்கு டிக் கிடையாது.

அதே மேட்ச்ல கடைசி ஓவர். இங்கிலாந்துக்கு 14 வேணும். நிக்கறது சாம் கரன், 80 தாண்டி அடிச்சுக்கிட்டு இருக்கார். தொடர் ஒன்னுக்கு ஒன்னு. பந்து நடராஜன் கைல. ஆறு ரன்தான் போச்சு. 7 ரன்ல இந்தியா ஜெயிச்சுது, தொடரும் நமக்கு. அந்த ஓவர்ல நடராஜன் கணக்குல விக்கெட் ஒண்ணும் ஏறல. ஆட்ட நாயகன் 95 நாட் அவுட் அடிச்ச கரன். அதுல எனக்கு வருத்தமில்ல, அந்த மனுஷன் அப்படி ஆடினார். ஆனா கார்டுல 73க்கு 1ஐப் பார்த்து அந்த ஓவரைக் கண்டுபிடிக்க எவனாலயும் முடியாது.

இதை எல்லாம் தங்கச்சிகிட்ட உக்காந்து விளக்கினேன். அவ பொறுமையா கேட்டுட்டு சொன்னா.

"ஏண்ணா, நீ சொல்றதெல்லாம் சரி. பந்து நல்லா போடறான்னு உனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். செலக்சன்ல உக்காந்திருந்தவங்களுக்குத் தெரிஞ்சுதா?"

அடி வயித்துல குத்தற கேள்வி. நடந்தது என்னன்னா, போன வருஷம் ஒரு தேர்வுக்குக் கூட்டிட்டுப் போனேன். தோல் பந்து. வரிசைல நின்ன பசங்களுக்கு ஆளுக்கு ரெண்டு ஓவர். இவன் போட்டதுல மூணு பந்து பேட்டைத் தாண்டிப் போச்சு. விக்கெட் இல்ல. மேசைல உக்காந்திருந்தவரு, "இந்த சீசன் எத்தனை விக்கெட்?"னு கேட்டாரு. எண்ணிக்கையைச் சொன்னான். அடுத்த பையனைக் கூப்பிட்டுட்டாரு. அவரையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது. வெயில்ல அத்தனை பசங்க, ஒரே நாள். நம்பர்தான் சீக்கிரம் கேட்க முடியற கேள்வி.

தங்கச்சி அதோட விடல. "நாமக்கல்ல இருந்துக்கிட்டு மார்க்கு முக்கியமில்லைன்னு சொல்ற மொத ஆளு நீதான்."

இது நியாயமான அடி. எங்க ஊருக்கு ரெண்டு பேரு. ஒண்ணு முட்டை, இன்னொண்ணு மார்க்கு. 2007ல இருந்து 2016 வரைக்கும் இங்க மருத்துவ சீட்டு ப்ளஸ் டூ மார்க்கை வெச்சுதான். நுழைவுத் தேர்வு இல்ல. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. அந்த 200ஐ நோக்கி ஜில்லா பூரா ஹாஸ்டலோட பள்ளிக்கூடம். ராமநாதபுரத்துல இருந்தெல்லாம் தகரப் பெட்டியும் பக்கெட்டுமா புள்ளைகளைக் கொண்டாந்து விடுவாங்க. நிறைய எடத்துல ப்ளஸ் ஒன் புத்தகத்தை மூடி வெச்சுட்டு, ரெண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தையே உருப்போட வெச்சாங்க. ஊர்ல "பிராய்லர் ஸ்கூல்"னே பேரு. கோழிப்பண்ணை பக்கத்துலயே இருக்கறதால உவமைக்கு ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கல.

அப்புறம் 2017 வந்துச்சு. நீட் வந்துச்சு. அதுல ப்ளஸ் ஒன் பாடமும் உண்டு. அதே வருஷம் அரசாங்கம் மாநில ரேங்க் அறிவிக்கறதை நிறுத்துச்சு, ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வெச்சுது. (அந்தத் தேர்வும் 2025-26ல இருந்து எடுத்தாச்சு.) அந்த முதல் வருஷம் கட் ஆஃப் 198, 199 வெச்சிருந்த புள்ளைக எல்லாம் மார்க் ஷீட்டைக் கைல வெச்சுக்கிட்டு நின்னதைப் பார்த்தவன் நான். நீட்டு சரியா தப்பாங்கறது தனிப் பஞ்சாயத்து, அதுக்குள்ள இப்ப போகல. ராத்திரி பகலா உழைச்ச புள்ளைங்க மேலயும் தப்பு இல்ல. ஆனா மைதானத்தை மாத்தினதும் அந்த ஸ்கோர் கூட வரலையே. அதைத்தான் தங்கச்சிகிட்ட சொன்னேன். ஏரிக்குள்ள தூக்கிப் போட்டு வாங்கற நாலு விக்கெட்டு ஏரிக்குள்ளயே கிடக்கும். அந்த ஃபுல் டாஸைத் தோல் பந்துல போட்டா சேலத்துக்காரன் ஏரிக்கரை தாண்டி அடிப்பான். சின்னப்பம்பட்டில டென்னிஸ் பால்ல போட்ட யார்க்கர்தான் கான்பெரா வரைக்கும் போச்சு.

"அது ஒருத்தர்ணா," ன்னா அவ. "எத்தனை பேரு யார்க்கர் போட்டுட்டு தறிக்கே திரும்பிப் போனாங்கன்னு யாரு எழுதினாங்க?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. நடராஜனையே எடுத்துக்குவோம். 2021ல முட்டி ஆபரேசன். இந்தியாவுக்கு மொத்தம் ஆடினது 1 டெஸ்ட், 2 ஒருநாள், 4 டி20. அத்தனையும் 2020 டிசம்பருக்கும் 2021 மார்ச்சுக்கும் நடுவுல. 2024 ஐபிஎல்ல 19 விக்கெட் எடுத்தாரு. அந்த வருஷ உலகக்கோப்பை அணில பேரு இல்ல. நல்லா ஆடினா எல்லாம் தானா வரும்னு பையன்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். வராமயும் போகும். அந்த மனுஷன் தன் ஊருலயே ஒரு கிரவுண்டு கட்டினாரு, 2023 ஜூன்ல திறந்தாங்க. ஏரி காயற வரைக்கும் காத்திருக்க வேண்டாத கிரவுண்டு. போய்ப் பார்த்துட்டு வந்தோம் நானும் பையனும். அவன் பிட்சு ஓரமா நின்னு ரன்னப்பை மட்டும் காலால அளந்து பார்த்தான்.

அப்ப நான் எந்தப் பக்கம்? ஸ்கோர் வேண்டாம்னு சொல்ற சாமியார் இல்ல நான், ஸ்கோர் எழுதறவன். உள்ள விடறதுக்கு டிக்கெட் அதான். மேசைல உக்காந்திருக்கறவரு எத்தனை விக்கெட்டுன்னு கேட்கறப்ப "12ல 9 டிக்குங்க"ன்னு சொன்னா சிரிப்பாரு. ஆனா டிக்கெட் எடுக்கறதுக்காக பந்தையே மாத்திக்கிட்டா, உள்ள போனதும் என்னத்தைப் போடறது? 17 வயசுல கை ஒரு விதமா பழகிருச்சுன்னா அப்புறம் அதைக் கழட்டி மாட்டறது லேசுல ஆகாது. நடராஜனுக்கே 2015ல ரஞ்சி ஆட ஆரம்பிச்சதும் பந்துவீச்சு முறைல சந்தேகம்னு சொல்லி, கையைத் திருத்தித் திரும்பி வர வேண்டியிருந்துச்சு. அதனால கேப்டன்கிட்ட பேசினேன். "தம்பி, குடம் வீட்டுல இருக்கறதே போதும். பையன் அவன் பந்தையே போடட்டும். ஸ்லிப்ல மட்டும் கொஞ்சம் நல்ல ஆளா நிறுத்துங்க." சிரிச்சுக்கிட்டே சரின்னாரு. அவருக்கும் கப்பு வேணும்ல, எத்தனை நாளைக்குன்னு தெரியல.

போன வாரம் தங்கச்சி வீட்டுல நோட்டை மறந்து வெச்சுட்டு வந்துட்டேன். மறுநாள் போனப்ப திண்ணைல உக்காந்து அதைத்தான் புரட்டிக்கிட்டு இருந்தா. பக்கத்துல முறத்துல புளி.

"பேனால எழுதிருக்கறது புரியுது. இந்த பென்சில் டிக் என்னண்ணா?"

சொன்னேன். விரலை வெச்சு பையன் பேருக்கு நேரா இருக்கறதை எல்லாம் ஒண்ணொண்ணா எண்ணினா. அப்புறம் மத்த பசங்க பேருக்கு நேரா இருக்கறதையும் எண்ணினா. ரொம்ப நேரம் ஆச்சு.

"இவனுக்குத்தான் ஜாஸ்தி இருக்குது."

"ஆமா."

"நீ மாமன்ங்கறதால போட்டதா?"

"குடம் வாங்குன மேட்சைப் பாரு. ரெண்டே டிக்."

அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்தா. நோட்டை மூடி என் கைல குடுத்துட்டு, "ப்ளஸ் டூ முடியற வரைக்கும் ஆடட்டும். காலைல அஞ்சுல இருந்து ஆறரை வரைக்கும்தான், அதுக்கு மேல ஒரு நிமிசம் கிடையாது"ன்னா. அப்புறம் உள்ள போய்க்கிட்டே, "தோல் பந்து என்ன விலை ஆகுது?"

நல்ல பந்தா வாங்கணும்னா சேலத்துக்குத்தான் போகணும். சனிக்கிழமை பட்டறைக்கு வசூல் வேலையா போறேன், அப்படியே ஒரு ரெண்டு வாங்கிட்டு வரணும். வரட்டா மக்கா.